முதல் செமஸ்டர் முடிவில் பேராசிரியருக்கு நன்றி சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

முதல் செமஸ்டரில் உங்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் பலரை இனி நீங்கள் வகுப்பில் பார்க்கப்போவதில்லை. கணிதம், இயற்பியல், மொழிப்பாடம், அடிப்படைக் கணினி போன்றவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் வேறு துறையைச் சேர்ந்தவர்கள். நீங்கள் ஓரிரு செமஸ்டர்களில் உங்கள் துறைப் பாடங்களுக்குள் மூழ்கிவிடுவீர்கள். அவர்கள் பள்ளியிலிருந்து புதிதாக வந்த இன்னொரு கூட்டத்துக்கு அதே முதல் பாடத்தை மறுபடி தொடங்குவார்கள். தாங்கள் போட்ட அடித்தளத்தின் மேல் என்ன எழுந்தது என்பதை, யாராவது வந்து சொன்னால் ஒழிய, அவர்கள் அறிய வழியே இல்லை.

நான் பாடம் நடத்தும் பக்கத்தில் இருப்பவன். அதனால்தான் இதைத் துணிந்து சொல்கிறேன்: செமஸ்டர் முடிவில் ஆசிரியருக்கு மிகவும் தேவைப்படுவது ஒரு செய்தி. "நீங்கள் செய்த இன்ன காரியம் என்னிடம் வந்து சேர்ந்தது, அதனால் எனக்கு இது நடந்தது" என்ற செய்தி. புகழுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடத்தை நிரப்பாது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் செய்தியைத் தேடி எடுத்து, சரியான நேரத்தில், சரியான வடிவில் கொண்டுசேர்ப்பதற்கானவை.

முதலில், தயக்கம்

"காக்கா பிடிக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ?" "இருநூறு பேரில் என்னை அவருக்குத் தெரியுமா?" "எனக்குச் சரியாக எழுத வராதே?" இந்த மூன்று கேள்விகளில் ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள்.

இந்தத் தயக்கத்தை அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். தங்களுக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதைப் படிப்பவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களிடமே கணிக்கச் சொன்னார்கள். பிறகு கடிதம் பெற்றவர்களிடமும் கேட்டார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் மிகையாகக் கணித்திருந்தார்கள். அவருக்கு ஏற்படும் மகிழ்ச்சியையும் வியப்பையும் குறைத்துக் கணித்திருந்தார்கள். சொற்கள் சரியாக அமைந்தனவா என்ற கவலை எழுதியவர்களைத் தடுக்கிறது. படித்தவர்களோ அந்தக் கடிதத்தில் இருந்த அன்பைப் பார்த்தார்கள் என்பதும் அந்த ஆய்வின் பார்வை.

என் அனுபவமும் இதையே சொல்கிறது. ஓர் எழுத்துப் பிழைக்காக எந்த ஆசிரியரும் நன்றிக் கடிதத்தைக் குறைத்து மதிப்பிட்டதை நான் பார்த்ததில்லை. காக்கா பிடிப்பதாகத் தோன்றுமோ என்ற பயத்துக்கு மட்டும் ஓர் அடிப்படை உண்டு. அதைத் தீர்க்க வேண்டிய இடம் நேரம் பற்றிய படி, அங்கே பேசுவோம்.

படி 1: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவருக்கு மட்டும் எழுதினாலும் போதும், மனத்தில் இருந்து எழுதினால். ஆனால் பட்டியல் போடும்போது நினைவுக்கு முதலில் வருபவர்களோடு நின்றுவிடாதீர்கள். நகைச்சுவையாகப் பேசி வகுப்பைக் கலகலப்பாக்கியவருக்கு ஏற்கெனவே நிறைய நன்றி கிடைத்திருக்கும். அமைதியாக வந்து, பாடத்தை ஒழுங்காக நடத்தி, கொடுத்த கட்டுரைகளைத் தாமதமில்லாமல் திருத்தித் தந்தவருக்குத்தான் அநேகமாக யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பேராசிரியர் என்ற பட்டம் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேதியியலில் கரைசலின் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தல் சோதனையில் கடைசிச் சில சொட்டுகளில் பியூரெட்டின் திருகை எப்படி மெல்லத் திறப்பது என்று பக்கத்தில் நின்று காட்டிய ஆய்வக உதவியாளர், தேடிய புத்தகம் இல்லாதபோது அதற்கு இணையான இன்னொன்றை எடுத்துத் தந்த நூலகர், தற்காலிகப் பணியில் இருக்கும் பகுதிநேர விரிவுரையாளர். இவர்களில் பகுதிநேர விரிவுரையாளருக்கு முன்னுரிமை கொடுங்கள். அடுத்த செமஸ்டரில் அவர் அங்கே இருப்பாரா என்பதே உறுதியில்லாமல் இருக்கலாம்.

படி 2: ஒரு குறிப்பான நிகழ்வைத் தேடி எடுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். மற்றவை எல்லாம் அரை மணி நேர வேலை.

"நன்றாகப் பாடம் நடத்தினார்" என்பது ஒரு முடிவு. அந்த முடிவுக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பதுதான் வேண்டும். அதற்கு நினைவை மட்டும் நம்பாதீர்கள். செமஸ்டர் முழுக்க எழுதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுங்கள். எந்தப் பக்கத்தில் கையெழுத்து மாறியிருக்கிறது, எங்கே நீங்களாகவே ஓரத்தில் ஏதோ வரைந்திருக்கிறீர்கள், எங்கே "ஓ, இதுதானா!" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். திருத்தித் தந்த விடைத்தாள்களையும் ஆய்வகப் பதிவேட்டையும் பாருங்கள். ஓரத்தில் சிவப்பு மையில் "ஏன்?" என்று ஒரே சொல் எழுதப்பட்டிருக்கும், அந்த ஒரு சொல்லுக்குப் பதில் தேடிப் போனதில்தான் அந்தப் பாடமே உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

தேடும்போது உதவும் சில கேள்விகள்: இந்தப் பாடத்தில் எனக்கு இருந்த எந்தத் தவறான எண்ணம் மாறியது? எந்த நாளில் வகுப்பைவிட்டு வெளியே வந்தும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்? நான் கேட்ட அசட்டுக் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொன்னார்? நான் பின்தங்கியிருந்தபோது அவர் என்ன செய்தார்? இப்போது நான் படிக்கும் முறையில் அவரிடமிருந்து வந்த பழக்கம் எது?

கடைசிக் கேள்வி முதலாண்டு மாணவர்களுக்கு மிகவும் பொருந்தும். பள்ளியில் இருந்து கல்லூரிக்கு வரும்போது பாடத்தைவிடப் படிக்கும் முறைதான் பெரிய மாற்றம். குறிப்பெடுப்பது எப்படி, புத்தகத்தில் இல்லாததை எங்கே தேடுவது, தெரியவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்வது எப்படி என்பதையெல்லாம் யாரோ ஒருவர் உங்களுக்குக் காட்டியிருப்பார். அது பாடத்திட்டத்தில் இருந்திருக்காது. அதனால் அதைக் கற்றுக்கொடுத்தோம் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

எவ்வளவு தேடியும் எதுவும் அகப்படவில்லை என்றால்? அந்த ஆசிரியருக்கு நேரில் ஒரு "நன்றி" சொல்லிவிட்டு விடுங்கள். இல்லாததை உருவாக்கி எழுதாதீர்கள். வகுப்பில் நடந்தது அவருக்கும் தெரியும்.

படி 3: நேரம்

கடிதம் எழுத நான் பரிந்துரைக்கும் நேரம், அந்தப் பாடத்தின் மதிப்பெண் முடிவாகிய பிறகு. உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை அவரே போடுகிறார் என்றால், அது வெளியாகும்வரை கடிதத்தை வைத்திருங்கள். அதற்கு முன் அனுப்பினால் நீங்கள் எவ்வளவு தூய மனத்தோடு எழுதினாலும், படிப்பவர் மனத்தில் ஒரு சிறு கேள்வி எழும். நேர்மையான ஆசிரியர் என்றால் அவருக்கு அது சங்கடமாகவும் இருக்கும். மதிப்பெண் வந்த பின் வரும் கடிதத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. காக்கா பிடிக்கும் பயத்துக்கு இதுதான் மருந்து.

கடைசி வகுப்பு முடிந்ததும் வாயால் நன்றி சொல்வதற்கு இந்த விதி பொருந்தாது. அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அவர் பணியிலிருந்து விலகுகிறார், ஓய்வு பெறுகிறார், ஒப்பந்தம் முடிகிறது என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். கல்லூரி மின்னஞ்சல் முகவரி மூடப்பட்டுவிட்டால் அவரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அந்த வேலை முழுதும் முடிந்த பிறகே நன்றியை அனுப்புங்கள். விடைத்தாள் கட்டுகளோடு அவர் போராடிக்கொண்டிருக்கும் வாரத்தையும் தவிர்த்துவிடுவது நல்லது. இவற்றால் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போனாலும் பாதகமில்லை.

படி 4: எந்த வழியில்?

கல்லூரி மின்னஞ்சல் போதும். மற்ற எதுவும் தோன்றவில்லை என்றால் அதையே தேர்ந்தெடுங்கள். அவர் தன் நேரத்தில் படிப்பார், உடனே முகபாவம் காட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை, வைத்துக்கொள்ளவும் முடியும். கையால் எழுதிய கடிதம் இன்னும் ஒரு படி மேல். பல ஆசிரியர்கள் இத்தகைய கடிதங்களை ஆண்டுக்கணக்கில் மேசை இழுப்பறையில் வைத்திருப்பார்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக வரும் கைகூப்பிய படங்களில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கட்டும், தவறில்லை. ஆனால் கடிதம் சொல்லக்கூடியதை அதால் சொல்ல முடியாது. அவருடைய தனிப்பட்ட எண்ணுக்கு நள்ளிரவில் நீண்ட செய்தி அனுப்புவதைத் தவிர்த்துவிடுங்கள்.

வகுப்பாகச் சேர்ந்து ஒரு வாழ்த்து அட்டை கொடுப்பதாக இருந்தால், ஒவ்வொருவரும் பெயருக்கு மேல் ஒரே ஒரு குறிப்பான வரி எழுதுங்கள். நாற்பது பேர் "நன்றி சார்" என்று எழுதிய அட்டையைவிட, பத்துப் பேர் பத்து வெவ்வேறு வகுப்புகளை நினைவுகூர்ந்த அட்டை அவருக்கு எவ்வளவோ மேல்.

பரிசு வேண்டாம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மாணவரிடமிருந்து பரிசு வாங்குவதற்குப் பல கல்வி நிறுவனங்களில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. விதி இல்லாத இடத்திலும் விலையுள்ள பொருள் ஆசிரியரைத் தர்மசங்கடத்தில் தள்ளும். வகுப்பில் பணம் வசூலித்து வாங்குவது அதைவிட மோசம். கொடுக்க வசதியில்லாத ஒரு மாணவர் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார். அவர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

படி 5: எழுதுங்கள்

மின்னஞ்சலின் தலைப்பு வெளிப்படையாக இருக்கட்டும்: "முதல் செமஸ்டர் நுண்கணித வகுப்புக்கு நன்றி". "வணக்கம்" என்று மட்டும் தலைப்பிட்டால், வருகைப்பதிவு பற்றிய விண்ணப்பம் என்று நினைத்துத்தான் திறப்பார்.

எந்த மொழியில்? நீங்கள் அவரிடம் இயல்பாகப் பேசும் மொழியில். கடினமான சொற்களைத் தேட வேண்டாம்.

முதல் வரியில் நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள்: பெயர், பிரிவு, எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் என்பதுகூட. அவருக்கு உங்களைத் தெரியவில்லை என்றால் அதில் வருத்தப்பட எதுவுமில்லை. பெரிய வகுப்புகளில் முகங்கள் நினைவிருக்கும், பெயர்கள் இருக்காது.

இப்போது ஒரு வழக்கமான கடிதத்தைப் பாருங்கள்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, இந்த செமஸ்டர் முழுவதும் எங்களுக்கு மிகச் சிறப்பாகப் பாடம் நடத்தியமைக்கு மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் வகுப்புகள் மிகவும் பயனுள்ளவையாக இருந்தன. தங்களைப் போன்ற ஆசிரியர் கிடைத்தது எங்கள் பாக்கியம்."

பிழை எதுவும் இல்லை. ஆனால் பாடத்தின் பெயரைக்கூடச் சொல்லாத இந்தக் கடிதத்தை யாரும் யாருக்கும் அனுப்பலாம். அதே மாணவர் தன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து எழுதினால் இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் முதலாண்டு 'பி' பிரிவு மாணவி. ஜன்னல் ஓரம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எல்லை பற்றிய பாடத்தில் நீங்கள் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்து, அதில் ஒரு புள்ளியை மட்டும் விரலால் அழித்தீர்கள். 'இந்த இடத்தில் மதிப்பு இல்லை. ஆனால் கோட்டின் மேல் நடந்து வந்தால் எங்கே போய்ச் சேரப் பார்க்கிறோம் என்று சொல்ல முடிகிறதா?' என்று கேட்டீர்கள். பள்ளியில் அந்தக் கணக்குகளை எல்லாம் நான் போட்டிருக்கிறேன். என்ன செய்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது. அதன்பிறகு எந்தச் சூத்திரத்தைப் பார்த்தாலும் முதலில் ஒரு படம் வரைந்து பார்க்கிறேன். இயற்பியல் வகுப்பிலும் இது கைகொடுக்கிறது. இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நன்றி ஐயா."

"பாக்கியம்", "மனமார்ந்த", "மிகச் சிறப்பாக" என்ற சொற்கள் இங்கே ஒன்றுகூட இல்லை. அவர் செய்தது என்ன, அப்போது இவளுக்கு என்ன ஆனது, இப்போது அது எங்கே பயன்படுகிறது என்பவை மட்டுமே இருக்கின்றன. அந்த ஆசிரியர் அடுத்த ஆண்டும் அந்தப் புள்ளியை அழிப்பார், ஏன் அழிக்க வேண்டும் என்று இப்போது அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நீளம் இந்த அளவே போதும்.

எழுதக் கூடாதவை சில. மதிப்பெண் பேச்சை எடுக்காதீர்கள், நல்ல மதிப்பெண் வந்திருந்தாலும். மற்ற ஆசிரியர்களோடு ஒப்பிட்டு இவரை உயர்த்தாதீர்கள். "உங்களைத் தவிர யாரும் ஒழுங்காக நடத்தவில்லை" என்ற வரி, அதே அறையில் உட்காரும் சக ஆசிரியரைப் பற்றியது. எந்த வேண்டுகோளையும் நுழைக்காதீர்கள். பரிந்துரைக் கடிதமோ, அடுத்த செமஸ்டர் பிராஜெக்ட்டோ, எதுவானாலும் அதற்கு வேறொரு நாள், வேறொரு மின்னஞ்சல். நன்றியின் வாலில் ஒரு வேண்டுகோள் தொங்கினால், முன்னால் எழுதிய அத்தனையும் அதற்கான பீடிகையாகிவிடும்.

ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி ஐந்து பேருக்கு அனுப்புவதும், செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கி அப்படியே அனுப்புவதும் ஒன்றுதான். பாடத்தின் பெயர் தவிர வேறெதுவும் உங்களுடையதாக இருக்காது. ஆசிரியர்கள் ஆண்டு முழுக்க மாணவர் எழுத்தைப் படிப்பவர்கள், வித்தியாசம் தெரியும்.

படி 6: நேரில் சொல்வதாக இருந்தால்

உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முறையாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி அதை நேரில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார்கள். அதைச் செய்தவர்களின் மகிழ்ச்சி கூடியது. அந்த உயர்வு ஒரு மாதம் கழித்தும் தெரிந்தது. நேரில் போவதற்குத் தைரியம் வேண்டும், ஆனால் போய் வந்தவருக்கும் அதில் ஒரு பலன் இருக்கிறது.

தனியாகப் போங்கள், அல்லது இன்னொருவரோடு. கும்பலாகப் போனால் யாரும் பேச மாட்டார்கள். மாணவர் சந்திப்புக்கு அவர் ஒதுக்கியிருக்கும் நேரத்தில் போய், "இரண்டு நிமிடம் பேசலாமா?" என்று கேளுங்கள். அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். உள்ளே போனதும் பெயரைச் சொல்லி, அந்த ஒரு நிகழ்வைச் சொல்லி, நன்றி சொல்லுங்கள். மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். நாக்குக் குழறினால் கையில் எழுதி வைத்திருக்கும் தாளைக் கொடுத்துவிடலாம்.

பெரும்பாலான ஆசிரியர்கள் "அது என் வேலைதானே" என்பார்கள், அல்லது உடனே அடுத்த செமஸ்டர் பாடங்களைப் பற்றிக் கேட்பார்கள். பொருட்படுத்தவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு நன்றியை வாங்கிக்கொள்ளத் தெரியாது. "இருந்தாலும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்று சொல்லிவிட்டு விடைபெறுங்கள்.

படி 7: உரிய இடத்திலும் சொல்லுங்கள்

செமஸ்டர் முடிவில் நிரப்பச் சொல்லும் கருத்துப் படிவத்தை எல்லாக் கட்டங்களிலும் ஒரே இலக்கத்தைத் தட்டிவிட்டு மூடிவிடாதீர்கள். கருத்து எழுதும் பகுதியில் அதே குறிப்பான நிகழ்வை எழுதுங்கள். ஆசிரியரின் பணி மதிப்பீட்டில் இந்தப் படிவங்கள் கணக்கில் எடுக்கப்படும் கல்லூரிகள் நிறைய. தற்காலிக விரிவுரையாளர் ஒருவர் உங்களுக்கு உண்மையிலேயே உதவியிருந்தால், துறைத் தலைவருக்கும் நான்கு வரி எழுதலாம். பணி நீட்டிப்பு பற்றிப் பேசும் மேசையில் அந்த நான்கு வரிகள் அவருக்கு ஆதரவாக இருக்கக்கூடும்.

தோற்றுவிட்டால்?

அந்தப் பாடத்தில் அரியர் விழுந்திருக்கலாம். அவர் உங்களிடம் கண்டிப்பாக நடந்திருக்கலாம். அப்போதும் ஏதோ ஒன்றை அவர் உங்களுக்குக் கொடுத்திருந்தால், அதற்கு நன்றி சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. தேர்ச்சி பெறாத மாணவரிடமிருந்து வரும் நன்றிக்கு ஆசிரியர் மனத்தில் தனி இடம் உண்டு. தோல்விக்கு விளக்கமோ மன்னிப்போ அதில் வேண்டாம். "இந்தப் பகுதி எனக்கு இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதிப் பழகுகிறேன்" என்ற இரண்டு வரி போதும்.

மரியாதைக் குறைவாக நடத்தியவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்தக் குறையைச் சொல்ல வேண்டிய இடம் வேறு.

அனுப்பிய பிறகு

பதில் வராமல் போகலாம். விடுமுறையில் இருப்பார், அல்லது எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் வைத்திருப்பார். "கடிதம் கிடைத்ததா?" என்று கேட்காதீர்கள். பதில் வந்தால், அதில் அவர் ஏதாவது கேட்டிருந்தால் மட்டும் திரும்ப எழுதுங்கள்.

அவருடைய முகவரியைக் குறித்து வையுங்கள். உங்கள் கல்லூரி மின்னஞ்சல் படிப்பு முடிந்ததும் மூடப்படலாம், அதனால் சொந்தக் கணக்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும். மூன்றாம் ஆண்டில் ஏதோ ஒரு பாடத்தில் இந்த முதல் செமஸ்டர் பாடம் வந்து கைகொடுக்கும்போது, அன்றே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பின்னொரு நாள் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால், கடைசித் தேதிக்குச் சில வாரங்களுக்கு முன்பே, எந்தப் படிப்புக்கு, யாருக்கு, எப்போதைக்குள் என்ற விவரங்களோடு தனியாகக் கேளுங்கள். மறுப்பதற்கும் அவருக்கு இடம் கொடுத்துக் கேளுங்கள். முன்பு எழுதிய நன்றிக் கடிதத்தை அதில் நினைவூட்ட வேண்டாம்.